சீனச் சொல்லை வரைந்து படிக்கும்போது படத்துக்குள் என்னென்ன இருக்க வேண்டும்?

தண்டையார்பேட்டையில் குடியிருந்து, பாரிமுனையில் ஓர் இறக்குமதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் கேள்வி இது: "ஹெச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வின் முதல் நிலைக்குப் படிக்கிறேன். ஒரு சொல்லை இருபது தடவை எழுதினாலும் மறுநாள் காலையில் மறந்துபோகிறது. படம் வரைந்து படித்தால் நிற்கும் என்கிறார்கள், உண்மையா? எனக்கு வரையவே வராது."

உண்மைதான். வரைய வராது என்பது இதில் ஒரு குறையே இல்லை. ஆனால் வரைந்து படிப்பவர்களில் பலர் பொருளை மட்டும் வரைகிறார்கள். குதிரை என்றால் ஒரு குதிரை, மலை என்றால் ஒரு மலை. சீனச் சொல்லுக்கு அது போதாது. ஏன் போதாது என்பது புரிந்தால்தான் மீதி எல்லாம் பிடிபடும், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு தொடர் சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, சிலவற்றை 40 விநாடி வரையச் சொன்னார்கள், சிலவற்றை அதே நேரம் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள். பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது, வரைந்தவை எழுதியவற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தன. நேரத்தை 4 விநாடியாகக் குறைத்தபோதும் வரைந்ததன் பலன் இருந்தது. படம் அழகாக இருந்ததா என்பது கணக்கிலேயே வரவில்லை. இதைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அந்த மாணவர்கள் வரைந்தவை அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலச் சொற்கள். ஆப்பிள் என்ற ஒலியும் எழுத்தும் அவர்களுக்குப் புதிதல்ல. நமக்குச் சீனத்தில் மறந்துபோவது பொருள் அல்லவே. குதிரை என்றால் என்னவென்று யாருக்கும் மறக்காது. மறப்பது அதன் ஒலி, ஒலியின் ஏற்ற இறக்கம், எழுத்தின் வடிவம் ஆகிய மூன்றும்தான். ஆக, அந்த மூன்றும் படத்துக்குள் இருந்தாக வேண்டும்.

எழுத்துகளை இங்கே சொல்லாலேயே விவரிக்கிறேன். பிளெக்கோ போன்ற ஓர் அகராதியைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தபடியே படியுங்கள். ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் எண் அதன் தொனி.

முதலில் தொனி, அதாவது ஒலியின் ஏற்ற இறக்கம். மாண்டரின் என்ற பொதுச் சீன மொழியில் நான்கு. முதலாவது, உயரத்தில் ஒரே மட்டமாக நீளும். இரண்டாவது, நடுவிலிருந்து மேலே ஏறும். மூன்றாவது, கீழே இறங்கி மறுபடி ஏறும். நான்காவது, மேலிருந்து தடாலென்று விழும். இதை 1, 2, 3, 4 என்று மனப்பாடம் செய்தால் எண்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்குப் பதில் ஒவ்வொரு தொனிக்கும் நீங்கள் தினமும் பார்க்கிற ஓர் இடத்தைக் கொடுங்கள். வடசென்னைக்காரருக்கு இடத்துக்கா பஞ்சம்? காசிமேட்டுக் கரையில் நின்றால் தெரியும் கடலின் அடிவானக் கோடு முதல் தொனி. பெரம்பூர் மேம்பாலத்தில் வண்டி ஏறுவது இரண்டாவது. வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயில் இறங்கி ஏறுவது மூன்றாவது. துறைமுகக் கிரேனிலிருந்து பெட்டி இறங்குவது நான்காவது. இனி எந்தச் சொல்லை வரைந்தாலும் அதன் தொனிக்குரிய இடத்தில் வைத்துத்தான் வரைய வேண்டும். இடத்தை விரிவாக வரைய வேண்டியதில்லை. அடிவானத்துக்கு ஒரு கிடைக்கோடு, பாலத்துக்கு ஒரு சாய்கோடு, சப்வேக்கு ஒரு பள்ளம், கிரேனுக்கு ஒரு தூணும் கொக்கியும், அவ்வளவுதான். தொனியே இல்லாத அசைக்கு, அதாவது இலேசாகச் சொல்லி விடும் அசைக்கு, பின்னணியே வேண்டாம்.

இப்போது ஒரு சொல்லைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 'பார்' என்பதற்குச் சீனத்தில் கான்-4. எழுத்தைக் கவனியுங்கள்: மேலே இருப்பது 'கை' என்ற எழுத்தின் வளைந்த வடிவம், கீழே இருப்பது 'கண்' என்ற எழுத்து. வெயிலில் தூரத்தைப் பார்க்க நெற்றியில் கையை வைக்கிறோமே, அதே காட்சி. மொத்தம் 9 கோடுகள். ஒலியோ, நம் 'கண்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டுக்கும் உறவு ஒன்றுமில்லை, தற்செயல்தான், ஆனால் நினைவுக்குத் தற்செயலும் உதவும். தொனி நான்கு, ஆகவே இடம் கிரேன். படம் இப்படி வரும்: கிரேன் கூண்டில் உட்கார்ந்திருப்பவர் நெற்றியில் கையை வைத்து, கண்ணைச் சுருக்கி, கீழே விழுகிற பெட்டியைப் பார்க்கிறார். குச்சி மனிதன் போதும். ஆனால் கையும் கண்ணும் மட்டும் பெரிதாக இருக்கட்டும், ஏனென்றால் எழுத்தின் உறுப்புகள் அவைதான். ஒரே படத்தில் பொருள், ஒலி, தொனி, வடிவம் நான்கும் அடங்கிவிட்டன. எல்லாச் சொல்லும் இவ்வளவு சுலபமாக அமையாது. என்றாலும், சொல்லுக்கு ஒன்றாக வரைந்து வைக்கும் கார்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஒலிக்குத் தமிழ்ச் சொல்லைக் கொக்கியாகப் போடுவது நல்ல வழி. சூப்புக்குத் தாங்-1. "ஒரு சூப் தாங்க" என்று சாயங்காலம் தள்ளுவண்டியில் கேட்பது போல வைத்துக்கொண்டு, வண்டியைக் கடற்கரையில், அடிவானத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். சர்க்கரைக்கு அதே தாங், ஆனால் தொனி 2. சர்க்கரை மூட்டை ஏற்றிய வண்டி பெரம்பூர் மேம்பாலம் ஏறட்டும். மலைக்கு ஷான்-1. அடிவானத்தில் மூன்று சிகரம், பக்கத்தில் விரித்த கை அதைச் 'சாண்' போட்டு அளக்கிறது. எழுத்திலும் செங்குத்துக் கோடுகள் மூன்று, நடுவில் இருப்பது உயரம்.

கொக்கி போடும்போது தமிழர்களுக்கே உரிய சில ஆபத்துகள் உண்டு. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறித்து வைக்காதீர்கள். கார்டில் பின்யின்தான், அதாவது சீன ஒலியை ஆங்கில எழுத்துகளால் எழுதும் முறைதான், இருக்க வேண்டும். அப்பாவுக்கும் பயத்துக்கும் தமிழில் எழுதினால் இரண்டும் பா-4தான். சீனத்தில் பயத்துக்குரியதில் வாயிலிருந்து காற்று வெடித்து வரும், அப்பாவுக்குரியதில் வராது. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டு மெல்லிய காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், பயத்துக்கு ஆட வேண்டும், அப்பாவுக்கு ஆடக் கூடாது. காற்று வரும் ஒலிகளுக்கெல்லாம் படத்தில் வாயருகே மூன்று வளைகோடு போட்டு வையுங்கள். மேலே சொன்ன கான், தாங் இரண்டுக்கும் இது வேண்டும். இன்னொன்று, நாம் ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர் எழுதும்போது 'ழ'வுக்குப் போடும் இசட், ஹெச் கூட்டு, பின்யினில் முற்றிலும் வேறு ஒலி. அது நாக்கை மடித்துச் சொல்லும் ஒரு 'ஜ'. நம் 'ழ'வுக்கு நெருக்கமானது பின்யினின் 'ஆர்' எழுத்து. மனிதனுக்குரிய ரென்-2 என்ற சொல்லின் முதல் ஒலியை 'ழ'வாகத் தொடங்கினால் மற்ற நாட்டு மாணவர்கள் மாதக்கணக்கில் பாடுபடும் ஓர் ஒலி நமக்குச் சீக்கிரம் கைகூடும்.

அடுத்தது வடிவம். சீன எழுத்தெல்லாம் படம்தான் என்று நினைத்துக்கொண்டு இறங்குபவர்கள் இரண்டாவது வாரத்தில் சலித்துப்போவது இங்கேதான். கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் என்ற அறிஞர் தொகுத்த அகராதியில் 9,353 எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் நேரடியாகப் பொருளின் உருவத்திலிருந்து வந்தவை சில நூறுதான். மிகப் பெரும்பாலானவை பொருளைச் சுட்டும் ஓர் உறுப்பும், ஒலியைச் சுட்டும் ஓர் உறுப்பும் சேர்ந்தவை. ஆகவே இரண்டு வகைக்கும் இரண்டு விதமாக வரைய வேண்டும்.

உருவத்திலிருந்து வந்தவற்றை மூன்று கட்டமாக வரையுங்கள். சூரியன் என்றால் முதலில் வட்டம், பிறகு நடுவில் புள்ளி வைத்த வட்டம், கடைசியில் நடுக்கோடு போட்ட செவ்வகம். மூவாயிரம் ஆண்டுக்கு முன் எலும்பிலும் ஆமையோட்டிலும் கீறிய வடிவம் அந்த நடுக் கட்டத்துக்கு உதவும். குதிரை போன்றவற்றுக்கு மரபு வடிவம் உதவும். சீனா 1956 முதல் எளிதாக்கிய வடிவத்தில் குதிரைக்கு 3 கோடுதான், அதில் குதிரை தெரியாது. தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் எழுதும் மரபு வடிவத்தில் 10 கோடு, பிடரியும் நான்கு காலும் தெரியும். அதை ஒரே ஒரு தடவை நடுக் கட்டமாக வரைந்தால் போதும்.

கூட்டெழுத்துகளுக்கு ஒலி உறுப்பு ஒன்றை எடுத்து, அதன் குடும்பத்தையே ஒரு பக்கத்தில் வரையுங்கள். குதிரையையே எடுத்துக்கொள்வோம், மா-3. கணேசபுரம் சப்வேயில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு குதிரை. இடப்பக்கம் 'பெண்' சேர்ந்தால் அம்மா, மா-1: அடிவானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து, குதிரையின் கயிற்றைப் பிடித்து நிற்கும் பெண். குதிரையின் தலைமேல் இரண்டு 'வாய்' வைத்தால் திட்டு, மா-4: கிரேனுக்கு அடியில் நிற்கும் குதிரையைப் பார்த்து மேலே இரண்டு வாய்கள் கத்துகின்றன. இடப்பக்கம் ஒரே வாய் என்றால் கேள்விக்குறி போல வாக்கியக் கடைசியில் வரும் 'மா', தொனி இல்லை: பின்னணி இல்லாத வெற்றுத் தாளில் குதிரையும் ஒரு வாயும். இடப்பக்கம் 'கல்' சேர்ந்தால் மறுபடி மா-3. அதோடு 'தலை' என்ற எழுத்தைச் சேர்த்தால் படகுத்துறை, மாதோ. வடசென்னையில் இருப்பவருக்கு இதைவிட வேண்டிய சொல் எது? ஒரு குதிரையை ஒழுங்காக வரைந்து வைத்தால் ஐந்து சொல் கிடைக்கிறது.

இதேபோல ச்சிங் என்று ஒலிக்கும் 'நீலப்பச்சை' எழுத்தின் குடும்பம். தண்ணீர் சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் மேகமில்லாத வானம், இதயம் சேர்ந்தால் உணர்வு, பேச்சு சேர்ந்தால் 'தயவுசெய்து'. தொனி முறையே 1, 2, 2, 3. துறைமுகத்துக்குரிய காங்-3 எழுத்தில் இடப்பக்கம் மூன்று சொட்டுத் தண்ணீர், வலப்பக்கம் 'சந்து' என்ற பொருளுள்ள எழுத்து. சந்து அங்கே ஒலிக்காக வந்ததுதான், ஆனால் கடலில் போய் முடியும் ராயபுரத்துச் சந்து ஒன்றை வரைந்தால் வடிவம் விட்டுப்போகாது.

உறுப்புகளுக்கு நிலையான குறி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு ஒரு நாள் குழாய், மறுநாள் கடல் என்று மாற்றக் கூடாது. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய உறுப்பு ஒன்று: நிலா போலத் தெரிவது. மூளை, முகம், வயிறு, கால் போன்ற உடலுறுப்புச் சொற்களில் இடப்பக்கம் அது வந்தால் நிலா அல்ல, 'சதை' என்ற எழுத்தின் சுருங்கிய வடிவம். அங்கே நிலாவை வரைந்தால் பின்னால் வரும் நூறு சொல் குழம்பும்.

உங்கள் வேலைக்குத் தினமும் தேவைப்படும் ஓர் இணை: வாங்கு, மாய்-3. விற்பனை செய், மாய்-4. எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்குவதற்கு 6 கோடு. அதன் தலையில் ஒரு கூட்டல் குறி ஏறினால் 8 கோடு, விற்பனை. விற்பனையின் இடம் கிரேன், அந்தக் கூட்டல் குறியே கிரேன் கொக்கி என்று வரையுங்கள். வாங்குபவர் சப்வேயில் பையோடு இறங்குகிறார், தலைக்கு மேல் ஒன்றுமில்லை. இப்படி ஒத்திருக்கும் எழுத்துகளை எப்போதும் ஒரே கார்டில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, வித்தியாசமான கோட்டை மட்டும் சிவப்பில் தடிமனாகப் போடுங்கள். தனித்தனிக் கார்டில் போட்டால் வித்தியாசம் கண்ணில் படாது.

பாரிமுனையிலும் பர்மா பஜாரிலும் சீன அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் பக்கவாட்டைப் பாருங்கள். குடைக் குறிக்குக் கீழே 'பா-4 யூ-3' என்று இரண்டு எழுத்து இருக்கும். நேர்ப்பொருள் 'மழைக்குப் பயம்', அதாவது நனையக் கூடாது. மழை எழுத்தில் மேகத்துக்குக் கீழே நான்கு துளி அப்படியே தெரியும். இரண்டு மேல்நோக்கிய அம்புக்குக் கீழே 'மேல்நோக்கி', கண்ணாடிக் கோப்பைக்குக் கீழே 'எளிதில் உடையும்'. படத்தோடு அச்சிட்ட பாடம் இலவசமாக வருகிறது. வேலை நேரத்தில் கண்ணில் பட்டதை அன்று இரவே நினைவிலிருந்து வரைந்து பாருங்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். ஆண்டர்சன் தெருவில் ஒரு முழுச் சார்ட் அட்டை வாங்கி, 7-க்கு 10 சென்டிமீட்டராக வெட்டினால் ஐம்பது கார்டு தாராளமாக வரும். பென்சில் ஒன்று, கறுப்பு, சிவப்பு பால்பாயின்ட் பேனா. கடற்காற்றுக்கும் கை வியர்வைக்கும் ஜெல் பேனா ஈஷிக்கொள்ளும், வேண்டாம். எழுத்துக்கு 2 சென்டிமீட்டர் சதுரம் போட்டு நடுவில் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். சீனப் பள்ளி நோட்டில் இருப்பதும் இந்தக் கட்டம்தான். உறுப்புகள் கட்டத்தின் எந்தக் கால்பகுதியில் உட்காருகின்றன என்பது அதில்தான் பிடிபடும்.

ஒரு சொல்லுக்கு மூன்று நிமிடம். முதல் அரை நிமிடம் பொருள், ஒலி, தொனி, உறுப்பு நான்கையும் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அகராதியை மூடுங்கள். மூடாமல் பார்த்துப் பார்த்து வரைந்தால் அது நகல் எடுப்பது, கை வேலை செய்யும், மூளை செய்யாது. கார்டின் முன்பக்கம் 40 விநாடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் படம். எழுத்தோ தமிழோ எதுவும் அங்கே கூடாது. பின்பக்கம் கட்டத்துக்குள் எழுத்தை நினைவிலிருந்து ஒரு தடவை எழுதி, பின்யினையும் எழுதுங்கள். கோட்டு வரிசை மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோட்டுக்குப் பின் செங்குத்து, பெட்டியை மூடும் கோடு கடைசியில். இப்போது அகராதியைத் திறந்து சரிபாருங்கள், தப்பான கோட்டை மட்டும் சிவப்பில் திருத்துங்கள். நாளுக்குப் பத்துச் சொல் போதும், அரை மணி. பழைய ஆறு நிலைத் தேர்வு முறையில் முதல் நிலைக்கு 150 சொல், 2021-ல் வந்த தரநிலையில் 500. எதைப் படிக்கிறீர்கள் என்று பார்த்து நாளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பிப் பார்ப்பது மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், முப்பதாம் நாள். படத்தைப் பார்த்துச் சொல்லைத் தொனியோடு சொல்லி, விரலால் மேசைமேல் எழுதிய பிறகே திருப்புங்கள். இன்னொரு நாள் எழுத்தைப் பார்த்துப் படத்தை நினைவுகூருங்கள். தவறினால், எது தவறியது என்று பாருங்கள். தொனி தவறினால் படத்தில் இடம் பலவீனமாக இருக்கிறது, பொருள் அந்த இடத்தோடு மோத வேண்டும், சும்மா நிற்கக் கூடாது. ஒலி தவறினால் தமிழ்க் கொக்கி இல்லை. உறுப்பு தவறினால் அந்த உறுப்பு படத்தில் சின்னதாக இருக்கிறது. பழைய கார்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் புதிதாக ஒன்று வரையுங்கள்.

இரட்டை எழுத்துச் சொற்களுக்கு இரண்டு படம் வேண்டாம், ஒன்றே போதும். 'தீ வண்டி' ரயில், 'கை இயந்திரம்' கைபேசி, 'மின் மூளை' கணினி. நாமே கைபேசி, மின்னஞ்சல் என்று சொல்கிறவர்கள், இந்தக் கட்டுமானம் நமக்குப் பழக்கம்தான். ஒரு விதி மட்டும்: இரண்டு மூன்றாம் தொனி அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாகிவிடும். துறைமுகம் என்ற காங்-3 கோ-3 சொல்லும்போது காங்-2 கோ-3. படத்தில் பெரம்பூர் மேம்பாலம் ஏறி, அப்படியே சப்வேயில் இறங்குங்கள். பின்யினில் மட்டும் பழையபடி 3 என்றே இருக்கும்.

வரையக் கூடாத சொற்களும் உண்டு. 'ஏனென்றால்', 'ஆகவே', வேற்றுமை உருபு போல வரும் 'த', முடிந்ததைக் காட்டும் 'ல' போன்றவற்றுக்குப் படம் தேடுவது நேர விரயம். நான்கு வாக்கியம் எழுதி வாய்விட்டுப் படித்தால் நிற்கும். மாறாக, எண்ணும்போது எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் வரும் அளவைச் சொற்களுக்கு வரைவதைப் போல வேறு வழி இல்லை. நீண்டு வளைவதற்கெல்லாம் தியாவ்-2: ஒரு பக்கத்தில் மீன், ஆறு, சாலை, பேன்ட், பாம்பு. தட்டையாக விரிந்ததற்கு ஜாங்-1: காகிதம், டிக்கெட், மேசை, கட்டில். கைப்பிடி உள்ளதற்கு பா-3: கத்தி, குடை, நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுத் தாள் ஒதுக்கி, புதுச் சொல் வரும்போதெல்லாம் அதில் ஒன்றைச் சேருங்கள்.

படத்தை நினைக்காமலே சொல் இரண்டு விநாடிக்குள் வந்துவிட்டால் அந்தக் கார்டைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். மறுபடி வரைய வேண்டாம்.

முதல் நாளைக்கு இந்தப் பத்து: மலை, தண்ணீர், தீ, மரம், மனிதன், சூரியன், நிலா, குதிரை, மீன், கதவு. தொனி 1, 3, 3, 4, 2, 4, 4, 3, 2, 2. பத்தும் உருவத்திலிருந்து வந்தவை. இவையே பின்னால் நூற்றுக்கணக்கான எழுத்துகளுக்கு உறுப்பாக வரப்போகின்றன, அதனால் இவற்றுக்கு மட்டும் ஒரு நிமிடம் கூடவே செலவழியுங்கள்.